உங்கள் நன்னாரிச் சோடாவும் என் பேர்பெற்ற நாக்கும்

நானா,

எங்கள் ரப்பர்த் தோட்டத்து மேல்கணக்கு, கீழ்க்கணக்கு லயங்களில் வசிப்பவர்களுக்கும், யட்டியாந்தோட்டைக் கடைவீதியாருக்கும், களனி கங்கையின் இரு கரையிலும் உள்ள சகல சீவராசிகளுக்கும் மிகுந்த மரியாதையோடு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று பகல், ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தட்டிக் கடையில், அடியேன் ஒரு போத்தல் லெமனேட் குடித்தேன். கோலி உள்ளே விழுந்தது. நுரை பொங்கிச் சட்டையில் வழிந்தது. பக்கத்தில் நின்ற ஆடு அந்தச் சட்டையை நக்கியது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

இந்தச் செய்தியை முதலில் அம்மாவிடம் சொன்னேன். "சட்டையக் கழட்டிப் போடு, தொவைக்கணும்" என்றாள். பீலிக்கரையில் குளித்துக்கொண்டிருந்த பையன்களிடம் சொன்னேன். ஒருவனும் தலையைத் திருப்பவில்லை. இதையும் ஒரு செய்தியாக மதித்துக் கேட்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். கோலி விழுந்த சத்தம் 'டப்'பா, 'டுப்'பா என்பது உங்கள் முதல் கேள்வியாக இருந்திருக்கும். 'டப்' என்றால் கேஸ் நிறைந்த சோடா, 'டுப்' என்றால் ஏமாற்று. இது 'டுப்', நானா. எலுமிச்சம்பழம் அந்தப் போத்தலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. ஜும்மாத் தொழுகைக்காக உங்கள் சோடாக் கடை மூடியிருந்ததால்தான் அங்கே போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

போத்தலின் கழுத்தில் கோலியைப் பிடித்துவைக்கும் சின்ன ரப்பர் வளையம் இருக்கிறதே, நனைந்தால் அதற்கு ஒரு வாசனை உண்டு. கோலியைத் தள்ளியதும் அந்த வாசனை வந்தது. கூடவே நீங்களும் வந்து நின்றீர்கள், குல்லாய் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, இடது புருவத்தில் போத்தல் வெடித்த தழும்போடு. எங்கள் தோட்டத்தில் பால் வெட்டி, ஷீட் அடித்து, கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பிய ரப்பர்தான் வளையமாகத் திரும்பிவந்து உங்கள் போத்தலின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். "உங்கட உம்மா வெட்டின பாலாவும் ஈக்கலாம், பாத்துக் குடி" என்றீர்கள். அன்றிலிருந்து எந்தப் போத்தலையும் நான் பயபக்தியோடுதான் திறக்கிறேன்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் இன்னும் வருடம் திரும்பவில்லை. ஆனாலும் அழுது எழுதப் போவதில்லை. அழுதால், "உப்புப் போட்ட சோடா எங்கட கடையில இல்ல" என்று சொல்லிவிடுவீர்கள்.

நாம் எப்படிப் பழக்கமானோம் என்பதைக் கடைவீதியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பழி என்னுடையது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒற்றுமை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. உங்கள் கடையில் வெறுஞ் சோடாவும் லெமனேட்டும் பார்வைக்கு ஒன்றுதான், இரண்டும் தண்ணீர் நிறம். வித்தியாசம் போத்தலில் ஒட்டிய காகிதத்தில் இருந்தது. வெறுஞ் சோடாவுக்கு வெள்ளைக் காகிதம், லெமனேட்டுக்கு மஞ்சள். நீங்கள் லுஹர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு பெட்டியில் வெள்ளையைப் பிய்த்து மஞ்சளிலும் மஞ்சளைப் பிய்த்து வெள்ளையிலும் ஒட்டிவிட்டேன். ஏன் என்று கேட்டால், பசை ஈரமாக இருந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டி நேரே பெரிய துரை பங்களாவுக்குப் போகும் என்று நான் கண்டேனா. அன்று துரை விஸ்கியில் சோடா ஊற்றினார். ஊற்றியது லெமனேட். மறுநாள் காலை பங்களாச் சமையல்காரர் அப்பு மலையிறங்கி வந்து உங்கள் கடை வாசலில் நின்றார். நான் எதிர்க்கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அப்பு, தொரைட்ட மன்னிக்கச் செல்லுங்க" என்று நீங்கள் தொடங்குமுன் அவர் கையை ஆட்டினார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் முதலாளி. நேத்து வந்த அந்தச் சோடாவே இன்னொரு பெட்டி வேணுமாம். இனிமே அதத்தான் அனுப்பணும்னு தொரை உத்தரவு."

நீங்கள் ஒரு போத்தலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தீர்கள். காகிதத்தைப் பார்த்தீர்கள். பிறகு தூணைப் பார்த்தீர்கள். தூண் ஓடத் தொடங்கியது.

பிடித்து என்னைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப்போனபோது காது இரண்டும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். நீங்களோ பலகையில் உட்காரவைத்தீர்கள். நான்கு தம்ளர்களில் நான்கு விதம் ஊற்றினீர்கள். "கலந்து வெக்கத் தெரிஞ்ச கைக்காரன், பிரிச்சுச் செல்ல நாக்கு ஈக்காண்டு பாப்பம். கண்ண மூடு." நான் கண்ணை மூடினேன். நான்கையும் சரியாகச் சொன்னேன். "மெய்யாவா?" என்று மறுபடி ஊற்றினீர்கள். மறுபடியும் சரி. சோடா மெஷின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, "இங்க பாரு, இந்தப் பொடியன்ட நாக்கு லேசுப்பட்ட நாக்கு இல்ல" என்றீர்கள். பெரிய துரை, சின்ன துரை வரிசையில் அன்று முதல் நான் நாக்குத் துரை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கொல்லையில் நம் சபை கூடும். உங்கள் கடைக்குக் கேஸ் சிலிண்டரில் வந்தது, மற்றக் கேஸெல்லாம் தீர்ப்புக்காக என்னிடம் வந்தது. நீங்கள் ஊற்றுவீர்கள், நான் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன். எங்கே ஒரு புதுச் சோடாக்கடை முளைத்தாலும் அதன் போத்தல் ஒன்று உங்கள் பலகையில் வந்து குந்திவிடும். கரவனல்லை ஜிஞ்சர் பியர், கித்துல்கலப் பாதையோரக் கடையின் நிறமில்லாத ஒரேஞ், எதையும் விட்டதில்லை.

"லெமனேட்டு எப்பிடி?" என்பீர்கள்.

"புது மாப்பிள்ள மாதிரி நானா. மொத ரெண்டு மடக்கு ஒரே துள்ளல். அப்புறம் வெறும் சீனி."

"ஜிஞ்சர் பியர்?"

"எங்க பெரிய கங்காணி. எறங்கும்போதே தொண்டையில அதட்டும். எறங்கினப்புறமும் நெஞ்சுல உக்காந்து திட்டிக்கிட்டே கெடக்கும்."

"கிரீம் சோடா?"

"சின்ன தொரை. வாசன பங்களா வரைக்கும் வருது, உள்ள ஒண்ணுமில்ல."

நீங்கள் சிரித்துச் சிரித்துக் குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொள்வீர்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நன்னாரி?" என்பீர்கள். அதற்கு மட்டும் நான் ஒன்றும் சொல்வதில்லை. தம்ளரை நீட்டி இன்னொன்று கேட்பேன். உங்களுக்கு அந்தத் தீர்ப்புப் போதும்.

ஜிஞ்சர் பியரால் எனக்கு வந்த அடியையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போய், என்ன குடித்தாய் என்று அம்மா கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். வாழ்க்கையில் நான் உண்மை சொல்லி அடிவாங்கியது அந்த ஒருமுறைதான். "பீரா? இந்த வயசுல பீரா? அதையும் ஒரு தொழுகைக்காரரு கையால வாங்கிக் குடிச்சியா?" என்று ஈர்க்குமாற்றோடு லயம் பூராவும் துரத்தினாள். நேரே உங்கள் கடைக்கே வந்துவிட்டாள். நீங்கள் ஒரு போத்தலைத் திறந்து கொடுத்தீர்கள். அம்மா போத்தலை உயரே பிடித்து அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு, கொஞ்சம் யோசித்தாள். "இஞ்சித் தண்ணிதானே இது. எனக்கு மூணு நாளா வயித்து உப்புசம்" என்று மிச்சத்தையும் குடித்துவிட்டுப் போனாள். அடி வாங்கியது நான், உப்புசம் தீர்ந்தது அவளுக்கு. அடுத்த வாரம் பள்ளிவாசல் லெப்பையும் இதே சந்தேகத்தோடு வந்து, இதே மாதிரி ஒரு போத்தலை முடித்துவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனார் என்று உங்கள் தம்பி சொன்னார்.

ஆனால் கடையின் உயிர் நன்னாரியில்தான் இருந்தது. சிங்களத்தில் இரமுசு என்பார்கள். கித்துல்கலப் பக்கத்து அம்மா ஒருவர் கூடையில் வேர் கொண்டுவருவார். அதை மண் போகக் கழுவி, நிழலில் காயவைத்து, இடித்து, பெரிய தேக்சாவில் சுண்டக் காய்ச்சுவீர்கள். நீங்கள் பாணியை வடிக்கும் நாளில் கடைவீதியில் கருவாட்டுக் கடைக்காரர் கூட மணப்பார். பாணியைப் போத்தலில் விட்டு, தண்ணீர் விட்டு, மெஷினில் கவிழ்த்து, கோணிச்சாக்கை முகத்தில் கட்டிக்கொண்டு நீங்களும் தம்பியும் சக்கரத்தைச் சுற்றுவீர்கள். உங்கள் வாப்பா காலத்து அளவு, வாப்பா காலத்து மெஷின். உங்கள் புருவத் தழும்பு மட்டும்தான் உங்கள் காலத்தது.

இனி அந்தத் தேர் விஷயம். நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நான் மறக்க விடமாட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேர் லயங்களைச் சுற்றி நிலைக்கு வந்ததும், வடம் பிடித்தவர்களுக்கும் காவடி எடுத்தவர்களுக்கும் ஆளுக்கொரு போத்தல் நன்னாரிச் சோடா கொடுப்பது வழக்கம். உங்கள் வாப்பா காலத்திலிருந்தே அது உங்கள் கடைச் சோடா. எங்கள் தேரைப் பார்த்துத்தான் சுற்றியுள்ள மற்றத் தோட்டங்களும் உங்களிடம் சொல்லும். எனக்குப் பதினைந்து நடந்த அந்த வருடம், கொடியேறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பெரிய கங்காணி குடையை மடக்கிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"நானா, கோவிச்சுக்காதீங்க. இந்த வருசம் தேருக்குக் கொழும்புச் சோடா சொல்லலாம்னு இருக்கோம். பக்கத்துத் தோட்டத்துல போன வருசம் லாரியில வந்து எறங்குச்சு. நாங்க இன்னும் கடைவீதிச் சோடாதான் குடிக்கிறோம்னு சிரிக்கிறாங்க."

"கங்காணியார், அதுல வேர் இல்ல" என்றீர்கள்.

"வேராவது தூராவது. நன்னாரின்னா நன்னாரிதானே. கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சா எல்லாம் ஒண்ணுதான்."

இந்த இடத்தில் யாராவது என் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். யாரும் பொத்தவில்லை. "நான் கண்டுபிடிப்பேன்" என்றேன். "கண்ணக் கட்டிட்டு ஊருச் சோடா எல்லாத்தையும் ஊத்துங்க. நானா சோடாவ நான் எடுத்துச் சொல்றேன்."

கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு இது பிடித்துவிட்டது. "சரி. கோயில் வாசல்ல வச்சுக்குவோம். நீ கண்டுபிடிச்சா தேருக்கு நானா சோடா. இல்லாட்டி லாரி" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபிறகு நீங்கள் பலகையில் உட்கார்ந்த மாதிரியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "என்னத்தடா செஞ்சு போட்ட" என்றீர்கள். அதட்டவும் இல்லை. உங்கட தேர் போனா மத்தத் தோட்டமும் போகும், அதெல்லாம் போனா இந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காலி டவுனில் மாமாவின் துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று மெதுவாகச் சொன்னீர்கள். தம்பி சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆனாலும் நெஞ்சை நிமிர்த்தி, "என் நாக்கு இருக்கே நானா" என்றேன்.

எதிரியின் சோடாவைத் தெரிந்துகொள்ள நாம் ரயிலேறி அவிசாவளை போனது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. சோடாக்காரர் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். கடைக்குள் நுழைந்ததும் கொழும்பு நன்னாரிப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கழுத்து வளையத்தை நகத்தால் சுரண்டி, கோலியைத் தள்ளிக் காதை வைத்துக் கேட்டீர்கள். கடைக்காரர் சிங்களத்தில் என்னிடம், "இவர் எந்த ஊர்ச் சோடா முதலாளி?" என்று கேட்டார். "முதலாளி இல்லை, கொஞ்சம் காது மந்தம்" என்று நான் சிங்களத்திலேயே சமாளித்தேன். நீங்கள் ஒரு மடக்குக் குடித்து, வாய்க்குள் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் அனுப்பி விழுங்கினீர்கள்.

"நெறம் நல்லா ஈக்கி" என்றீர்கள். "ஆனா இது வேரக் கண்டதே இல்ல. வேர்ட போட்டோவக் கண்டீக்கும்."

திரும்பும் ரயிலில் முழுநேரமும் எனக்கு விளக்கம். உங்கள் நன்னாரி முதலில் மண், பிறகு இனிப்பு, விழுங்கியபின் நாக்கின் அடியில் ஒரு சின்னக் குளிர். கொழும்பு நன்னாரி முதலிலேயே இனிப்பு, பிறகும் இனிப்பு, கடைசியில் ஒன்றுமில்லை. அவிசாவளைக் கடை சொந்தமாகப் போடும் நன்னாரியில் ஏலக்காய் கூட. நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

போட்டி நடந்த ஞாயிறு கோயில் வாசலில் மேல்கணக்கும் கீழ்க்கணக்கும் திரண்டிருந்தன. தப்புக்காரர்கள் கூடத் தப்பைக் காய்ச்சித் தயாராக நின்றார்கள். நீங்களும் தம்பியும் ஓரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றீர்கள். என்னைக் கூப்பிட்டுக் காதில் சொன்னீர்கள்: "தோத்தாலும் பரவாயில்லடா." பிறகு ஒரு கணம் விட்டு, "ஆனா தோக்காத."

கங்காணியின் மனைவி உள்ளே மூன்று பித்தளைத் தம்ளர்களில் உங்களுடையது, கொழும்பு, அவிசாவளை என்று மூன்று நன்னாரியையும் ஊற்றி, எதில் எது என்று கங்காணியின் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து என் கண்ணில் நாலு சுற்றுச் சுற்றினார். சட்டம் சொன்னார்: "கோயில் தம்ளரு. வாய் வைக்கப்படாது, அண்ணாந்து ஊத்திக் குடி. வாயில சோடாவ வச்சுக்கிட்டுப் பேசப்படாது, எச்சி தெறிக்கும். நானா சோடாதான்னு தெரிஞ்சா வலது கையத் தூக்கு. அவ்வளவுதான்."

முதல் தம்ளர். உயரே தூக்கி ஊற்றிக்கொண்டேன். கை அசையவில்லை. நீங்கள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

இரண்டாவது தம்ளர். ஊற்றிய அடுத்த கணமே, நானா, என் வலது கை தானாக எழுந்தது. நான் யோசிக்கவே இல்லை. என் கண்களிலிருந்து நீர் பெருகித் தலைப்பாகையை நனைத்தது. உடம்பு பூராவும் நடுங்கியது. "பையன் மேல மாரியம்மா வந்துட்டாடி" என்று பின்னால் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்றாவது தம்ளரை நான் தொடவே இல்லை. தேவை என்ன.

கங்காணி தொண்டையைச் செருமினார். பிறகு, "நானா சோடாதான்" என்றார். தப்பு முழங்கியது. கண்கட்டை அவிழ்க்குமுன் யாரோ என்னைத் தூக்கினார்கள். நீங்கள்தான். உங்கள் தோளில் உட்கார்ந்துதான் கட்டை அவிழ்த்தேன். கீழே பார்த்தால் உங்கள் முகமும் நனைந்திருந்தது. "எப்பிடிடா? எப்பிடிடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

"நாக்கு நானா" என்றேன். "நாக்குன்னா சும்மாவா."

அந்த வருடத் தேரில் உங்கள் சோடா இருநூறு வாயில் 'டப்' என்றது. அம்மா வடம் பிடித்தவர்களுக்கு முன்னால் போய் நின்று வாங்கினாள், வயிற்று உப்புசம் என்று காரணம் சொல்லி. கங்காணி இரண்டு போத்தல் குடித்துவிட்டு, மூன்றாவதைக் குடைக்குள் மறைத்து எடுத்துப்போனதை நான் பார்த்தேன். கடைவீதியில் நீங்கள் என் நாக்கைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை. முடிவெட்டப் போனால் முடிவெட்டுபவர் நாக்கைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

பிறகு மழை வந்தது, காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கடைசியாக உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் படுத்தபிறகு தம்பி தன் கையால், தனியாக, முதல்தடவை நன்னாரிப் பாணி காய்ச்சிப் போத்தலில் அடைத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் அவரும் வந்தோம். உங்கள் கட்டிலருகே தம்பி கோலியைத் தள்ளினார். 'டப்' சத்தம் கேட்டு அந்த வார்டே திரும்பியது. தம்ளரில் ஊற்றி உங்கள் வாயருகே கொண்டுபோனார். ஒரு மடக்கு எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள்.

"எனக்கு எல்லாமே கொயினா மருந்துக் கசப்புத்தான் இப்ப. நாக்கு மௌத்தாப் பெய்த்து, உசிர் இல்ல." சிரிக்கப் பார்த்தீர்கள். பிறகு என்னைக் காட்டினீர்கள். "இவன்ட நாக்கு ஈக்கே. நீ குடிச்சுச் செல்லு. வாப்பாட அளவு வந்தீக்கா? வராட்டி தம்பி காலிக்குப் போகட்டும், கடைய மூடலாம். பொய் செல்லப்படாது."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தம்ளரை வாங்கிக் குடித்தேன். மெதுவாக, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் அனுப்பி, உங்களைப் போலவே. "உங்க கை அப்பிடியே இருக்கு நானா" என்றேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "அப்ப சரி" என்றீர்கள். "மூட வாணாம்."

கடை திறந்திருக்கிறது. தம்பி சக்கரத்தைச் சுற்றுகிறார். இந்த வருடமும் எங்கள் தேருக்கு உங்கள் கடைச் சோடாதான் வந்தது, மற்றத் தோட்டங்களும் சொல்லியிருந்தன. எல்லாம் என் நாக்கின் புண்ணியம் என்று எழுதி, இங்கேயே கையெழுத்துப் போட்டிருந்தால் நான் பெரிய ஆள். போடத்தான் நினைத்தேன். பேனா நகரமாட்டேன் என்கிறது.

முதலில் உங்கள் கொல்லைப்புறச் சபை. கண்ணை மூடினேன் என்று எழுதினேன் அல்லவா. ஒரு கண்ணைத்தான். அதுவும் தேவைப்படாத நாள் உண்டு. ஏனென்றால் நீங்கள் எப்போதும் ஒரே வரிசையில்தான் ஊற்றுவீர்கள், நன்னாரியைக் கடைசியில். மூன்று வருடம் உங்களுக்கு அது தெரியவில்லை, எனக்கு அதைச் சொல்ல மனமும் வரவில்லை.

அந்தக் கோயில் வாசல். முதல் தம்ளர் பாதி என் கழுத்துக்குள் இறங்கியது. வாய்க்குள் போன பாதியில் மண்ணும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. இரண்டாவது தம்ளரைக் கண் தெரியாமல் உயரத் தூக்கி ஊற்றினேனே, அது வாய்க்குப் போகவில்லை. நேரே மூக்குக்குள் போய்விட்டது. சோடா மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் என்று சோடாக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உச்சந்தலை வரைக்கும் ஊசி. தும்மினால் கோயில் வாசலில் எச்சில் தெறிக்கும், இருமினாலும் தெறிக்கும், வாயைத் திறந்து கேட்கவும் தடை. அப்போது எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒரு துணி. துணி கேட்கத்தான் கையைத் தூக்கினேன்.

அதற்குள் தப்பு முழங்கிவிட்டது, நீங்கள் தூக்கிவிட்டீர்கள். உங்கள் தோளில் இருந்துகொண்டு, அழுத உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "துணி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண்கட்டும் இல்லை, அண்ணாந்து குடிக்கவும் இல்லை. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு, நிதானமாகத்தான் குடித்தேன். அப்போதும் தெரியவில்லை. அது உங்கள் கையா, தம்பி கையா, வாப்பா அளவா, எனக்கு என்ன தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன், சொன்னேன்.

ஆனால் நல்லாயிருந்துச்சு நானா. அது மட்டும் மெய்.